நோட்டுப் போட்டு மாடு வளர்ப்பது: குமரி மாவட்டத்தில் கறவை இனவிருத்திக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

குலசேகரம் பக்கம் ரப்பர் விலை இறங்கும்போதெல்லாம் யாராவது இரண்டு பேர் மாடு வாங்கப் புறப்படுவார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறவர்களும் அப்படித்தான். கையில் கொஞ்சம் பணம் இருக்கும், வீட்டுக்குப் பின்னால் இருபது சென்ட் இருக்கும், "வேளைக்குப் பத்து லிட்டர், அண்ணாச்சி" என்று சொல்ல ஒரு தரகரும் கூடவே இருப்பார். மாடு வந்த மூன்றாம் நாள் அந்தப் பத்து ஆறாகிவிடும். நானும் இப்படித்தான் தொடங்கினேன். கல்குளம் தாலுகாவில், ஐந்து மாட்டுக்கு மேல் கட்ட இடமில்லாத ஒரு தொழுவத்தில், பதினான்கு ஆண்டுகளாகச் செய்த தவறுகளிலிருந்து பொறுக்கி எடுத்த வழிமுறை இது.

முதல் மாட்டை வாங்கத்தான் வேண்டும். அடுத்தடுத்த மாடுகள் உங்கள் தொழுவத்திலேயே பிறக்க வேண்டும். மடி நிறையப் பாலும் ஆண்டுக்கொரு கன்றும் தரும் மாட்டை எவரும் சும்மா விற்பதில்லை. மகள் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ நெருக்கினால்தான் அது கைமாறும். விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி, சொந்தக்காரர் வேண்டாம் என்று முடிவுசெய்த மாடு. அவர் ஏன் வேண்டாம் என்றார் என்பது உங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

வாங்கும் நாளில்

இரண்டாம் அல்லது மூன்றாம் ஈற்று மாடாக, கன்று ஈன்று ஒரு மாதத்துக்குள் இருப்பதாகப் பாருங்கள். விற்பவர் வீட்டில் தொடர்ந்து மூன்று வேளை நின்று கறக்கச் சொல்லுங்கள். முதல் வேளையைக் கணக்கில் எடுக்காதீர்கள். முந்தைய வேளை கறக்காமல் விட்டு மடியை நிறைத்துக் காட்டுவது இந்தத் தொழிலில் மிகப் பழைய வித்தை. அடுத்த இரண்டு வேளையின் கூட்டுத்தொகைதான் அந்த மாட்டின் ஒரு நாள் பால். தரகர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். நான்கு காம்பிலும் முதல் பீச்சை ஒரு கறுப்புத் துணியில் விட்டு, மடிநோயின் அறிகுறியாகத் திரி திரியாக வருகிறதா என்று பாருங்கள். காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பழைய சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) விவரம் பதிவாகியிருந்தால் கிடைக்கும்.

எந்த இரத்தம், எவ்வளவு

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் மாட்டின் பாலளவைக் கேட்டுவிட்டு அதையே தேடிப் போகிறார்கள். அந்த மாடு குளிர்ந்த சமவெளியில், விரும்பியபோதெல்லாம் தீவனம் கிடைக்கும் கொட்டிலில் உருவானது. வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு குறியீடு உண்டு. அது 72-ஐத் தாண்டினால் அதிகம் கறக்கும் மாடு சிரமப்படத் தொடங்கும் என்பது பொதுவான அளவுகோல். 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அந்தக் குறியீடு 81. நம் மாவட்டத்தில் இது கோடையின் உச்சம்கூட அல்ல. குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ சாதாரண ஒரு பகல். மூச்சிரைக்கும் மாடு தீவனத்தைக் குறைக்கும், பாலைக் குறைக்கும், பருவ அறிகுறியையும் மறைக்கும்.

அதனால் என் முடிவு ஜெர்சிக் கலப்பு. உடல் சிறியது, தின்பது குறைவு, வெயிலை ஓரளவு தாங்கும். பாலில் கொழுப்பும் கூடுதல்: தூய ஜெர்சியில் ஏறத்தாழ 5 சதவீதம், ஹோல்ஸ்டீனில் மூன்றரை. பால் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பையும் இதர திடப்பொருளையும் பார்த்துப் பணம் கொடுப்பதால், லிட்டர் எண்ணிக்கை மட்டும் வருமானம் ஆகாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றோட்டமான கொட்டிலும் விசிறியும் தெளிப்பானும் வைத்து ஹோல்ஸ்டீன் கலப்பை நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது இரண்டாவது பத்தாண்டில் யோசிக்க வேண்டிய காரியம்.

அடுத்து, இரத்த விகிதம். நாட்டுப் பசுவுக்குத் தூய ஜெர்சி ஊசி போட்டால் பிறக்கும் கிடாரியில் சீமை இரத்தம் பாதி. அதற்கும் தூய ஜெர்சியே போட்டால் முக்கால். அதன் மகளில் எட்டில் ஏழு பங்கு. ஒவ்வொரு படியிலும் பால் ஏறும் என்று எதிர்பார்ப்போம். ஏறுவதென்னவோ பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சலும், சினை பிடிக்காமையும், மருந்துச் செலவும்தான். இரண்டு இனம் கலக்கும்போது கன்றுக்குக் கிடைக்கும் கூடுதல் தெம்பு, அதாவது கலப்பு வீரியம், முதல் தலைமுறைக் கலப்பில் முழுமையாக இருக்கும். அடுத்தடுத்த தலைமுறையில் அது குறையும். பாதி இரத்தத்தை ஒட்டியே நிற்பது நம் சூழலுக்குப் போதும். மாடு ஏற்கெனவே பாதி ஜெர்சி என்றால், அடுத்த ஊசிக்குக் கலப்பின ஜெர்சிக் காளையின் விந்து இருக்கிறதா என்று கேளுங்கள். பாதியும் பாதியும் சேர்ந்தால் சராசரியாகப் பாதியே வரும். கேட்காவிட்டால் பெட்டியில் எது இருக்கிறதோ அதுதான் மாட்டுக்குள் போகும்.

எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இந்தக் கணக்கை ஓர் அரசுத் திட்டமே போட்டுப் பார்த்திருக்கிறது. 1963-ல் மூணாறு அருகே மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம், உள்ளூர்ப் பசுக்களில் பிரவுன் சுவிஸ், பிறகு ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இரத்தத்தைச் சேர்த்து 'சுனந்தினி' என்ற கலப்பினத்தை உருவாக்கியது. களியக்காவிளை வழியாக நம் பக்கம் வரும் மாடுகளில் அந்த இரத்தம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதே கேரளத்தில்தான் குட்டையான வெச்சூர்ப் பசு அழியும் நிலைக்குப் போய், 1980-களின் கடைசியில் தேடிப்பிடித்து மீட்கப்பட்டது. உங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் குட்டை மாடு இன்னும் இருந்தால், பால் குறைவு என்று அதை விரட்டிவிடாதீர்கள். முதல் தலைமுறைக் கலப்புக்கு அதுவே தாய்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மாட்டுக்கு இரண்டு பக்கம். காது வில்லை எண், பிறந்த நாள் தெரிந்தால் பிறந்த நாள், தாய், தந்தைக் காளையின் எண், ஒவ்வொரு ஈற்றின் தேதி, ஒவ்வொரு சினை ஊசியின் தேதி. இதோடு மாதம் ஒரு நாள், ஒரே தேதியில், காலையும் மாலையும் கறந்த பாலை அளந்து எழுதுங்கள். தினமும் எழுதுவேன் என்று தொடங்கியவர்கள் இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். மாதம் ஒரு நாள் என்றால் நடக்கும். பத்து மாத அளவுகளின் சராசரியை 305-ஆல் பெருக்கினால் அந்த ஈற்றின் மொத்தப் பால். சராசரி 8.2 லிட்டர் என்றால் ஏறத்தாழ 2,500 லிட்டர். இந்த ஒற்றை எண்தான் பேச்சுக்கு உதவும். "உச்சத்தில் பதினாறு லிட்டர் கறந்தது" என்பது கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும்.

ஒப்பிடும்போது நியாயம் வேண்டும். முதல் ஈற்று மாடு, முழு வளர்ச்சி அடைந்த மாடு தருவதில் முக்கால் பங்குதான் தரும். முதல் ஈற்றை முதல் ஈற்றோடுதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுப்பு முடிந்து வைக்கோல் மலிந்த மாதத்தில் ஈன்ற மாட்டையும், அடைமழையில் புல்லும் ஈரம், தொழுவமும் ஈரம் என்று நின்ற மாட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஒரே தொழுவம், ஒரே பருவம், ஒரே தீவனம்: இதற்குள் எது கூடுதலாகக் கறக்கிறது என்பதே கேள்வி.

இனி ஒரு சிறு கணக்கு. என்னைத் திருத்திய கணக்கு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாலளவில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரைதான் மரபணுவால் வருவது. மற்றது தீவனம், நோய், கறப்பவர் கை, அதிர்ஷ்டம். உங்கள் லட்சுமி தொழுவத்துச் சராசரியைவிட நாளுக்கு 4 லிட்டர் கூடுதலாகக் கறக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு லிட்டர்தான் அவள் இரத்தத்தில் உள்ளது. மகளுக்குத் தாயிடமிருந்து பாதிதான் போகும். ஆக, லட்சுமியின் மகளுக்கு நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய கூடுதல் அரை லிட்டர். ஐந்து மாட்டுத் தொழுவத்தில் தாயைத் தேர்ந்தெடுத்து நீங்கள் சம்பாதிப்பது இவ்வளவுதான்.

சினை பிடிக்கும் திறனில் மரபின் பங்கு இன்னும் குறைவு, பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று ஊசிக்கும் நிற்காத மாட்டைப் பார்த்து "வம்சமே இப்படி" என்று சொல்வதற்கு முன்னால் தாது உப்புக் கலவை கொடுத்தீர்களா, கருப்பையில் புண் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். கொழுப்புச் சதவீதம் இதற்கு நேர்மாறு: அது தாய் தந்தையிடமிருந்து நன்றாகவே இறங்கும். மடி தொங்கல், காம்பின் அமைப்பு போன்றவையும் ஓரளவு வழிவழியாக வருபவை. தரையைத் தொடும் மடியுள்ள மாட்டின் மகளை ஆசைப்பட்டு வைத்துக்கொண்டு, பிறகு மடிநோய்க்கு மருந்து வாங்கி அலுத்தவன் நான்.

காளையின் எண்

மகளின் மறுபாதி காளையிடமிருந்து வருகிறது. ஒரு பசு வாழ்நாளில் ஐந்தாறு கன்று போடும். ஒரு காளையிடம் ஒரே முறை சேகரித்த விந்து நூற்றுக்கணக்கான உறைவிந்துக் குச்சிகளாகி, பல மாவட்டங்களுக்குப் போகும். அதனால்தான் காளையைப் பல மடங்கு கறாராகத் தேர்ந்தெடுக்க முடிகிறது. ஓர் இனத்தின் பால் ஏறுவது பெரும்பாலும் காளை வழியில்தான்.

காளை பால் கறப்பதில்லை. ஆகவே, அதன் மகள்கள் பல தொழுவங்களில் எவ்வளவு கறக்கிறார்கள் என்று அளந்து காளைக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இதற்குச் சந்ததிச் சோதனை என்று பெயர். காளைக்கன்று வளர்ந்து, விந்து எடுத்து, மகள் பிறந்து, அவள் ஈன்று, கறந்து முடிக்க ஆறேழு ஆண்டுகளாவது ஆகும். இப்போது கன்றின் இரத்தத்திலோ முடியிலோ மரபணுக் குறிகளைப் படித்து, பிறந்த உடனேயே மதிப்பெண்ணை ஓரளவு கணிக்கிறார்கள். அமெரிக்காவில் ஹோல்ஸ்டீனுக்கும் ஜெர்சிக்கும் 2009 முதல் இது அதிகாரப்பூர்வ நடைமுறை. நம் நாட்டு மாடுகளுக்கென்று, இந்தக் குறிகளைப் படிக்கும் 'கௌ சிப்' 2024-ல் அறிமுகமானது. நீங்களும் நானும் சிப் வாங்க வேண்டியதில்லை. அந்தத் தேர்வெல்லாம் முடிந்து, ஒரு குச்சியாக நம் தொழுவத்துக்கு வருகிறது.

குச்சியின் மேல் காளையின் எண், இனம், விந்து நிலையத்தின் குறி, எடுத்த நாள் அச்சிடப்பட்டிருக்கும். மாநிலத்தில் ஊட்டி, தஞ்சாவூர் மாவட்டத்து ஈச்சங்கோட்டை போன்ற இடங்களில் அரசு உறைவிந்து நிலையங்கள் இருக்கின்றன. காலியான குச்சியை வாங்கி, எண்ணை நோட்டில் எழுதுங்கள். எழுதத் தோன்றாவிட்டால் குச்சியையே பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

நான் எழுதாமல் விட்டேன். முதல் மாட்டுக்குப் போட்ட அதே காளையின் விந்தே மூன்றாண்டு கழித்து அதன் மகளுக்கும் போடப்பட்டது. ஊசி போட வந்தவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டபோது "எதாவது நல்லதாகப் போடுங்கள்" என்று சொன்னவன் நான்தான். கன்று நோஞ்சானாகப் பிறந்து, எழுந்து நிற்க இரண்டு நாள் எடுத்து, ஒரு மாதத்தில் செத்தது. பிறகு பழைய ரசீதுகளைத் துழாவியபோதுதான் விஷயம் தெரிந்தது. தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றில் மரபணு ஜோடிகளில் கால் பங்கு ஒரே மூலத்தின் நகல்களாகிவிடும். மறைந்து கிடந்த குறைகள் அப்போது தலைகாட்டும். ஒரே தந்தைக்குப் பிறந்தவை சேர்ந்தால் எட்டில் ஒரு பங்கு. அந்தக் கன்று அதனால்தான் செத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எண் எழுதாமல் ஓர் ஊசியும் என் தொழுவத்தில் போடப்பட்டதில்லை.

ஊர்ப் பொலிகாளையை விட்டுவிடுங்கள். அதன் தாய் எவ்வளவு கறந்தது என்று தெரியாது. மாட்டுக்கு மாடு நோயும் பரவும். கருச்சிதைவு நோய்க்கு எதிராகக் கிடாரிக் கன்றுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒரு தடுப்பூசி உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். சிறிய கிடாரிக்குப் பெரிய உடல் இனத்தின் ஊசி வேண்டாம். ஈனும்போது இழுத்துப் போராட வேண்டிவரும்.

பெண் கன்று பிறக்க வாய்ப்புள்ள, பாலினம் பிரித்த விந்து இப்போது கிடைக்கிறது. பெண்ணாக்கும் விந்தணுவில் மரபுப்பொருள் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல். அதைக் கண்டு இயந்திரம் பிரிக்கிறது. பத்துக்கு ஒன்பது பெண் கன்று. ஆனால் குச்சியில் விந்தணு எண்ணிக்கை குறைவு, சினை பிடிப்பதும் சற்றுக் குறைவு. ஆரோக்கியமான, பருவம் தெளிவாகக் காட்டும் கிடாரிக்கும், நோட்டில் முதலிடத்தில் இருக்கும் மாட்டுக்கும் போடுங்கள். எல்லா மாட்டுக்கும் போட்டால், வேண்டாத தாய்க்கும் மகள் பிறப்பாள். அவளை விற்கவும் மனம் வராது.

பருவ நாள்

நல்ல குச்சியை வீணாக்குவது தப்பிய நேரம். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடியும். மந்தையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். தனியாகக் கட்டிய மாட்டில் கத்தல், தீவனத்தில் அலட்சியம், பால் குறைவு, கண்ணாடி போலத் தொங்கும் வழும்பு இவைதான் சாட்சி. அதிகாலையிலும் இரவு படுக்கப் போகும் முன்பும் வாலடியைப் பாருங்கள். காலையில் அறிகுறி கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். கரு முட்டை வெளிவருவது பருவம் அடங்கிப் பல மணி நேரம் கழித்துத்தான்; கத்தியவுடன் பதறிப் போன் செய்ய வேண்டாம்.

குச்சி திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும். 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் வைத்து உருக்க வேண்டும். ஊசி போடுபவர் வருவதற்குள் ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரைத் தயாராக வையுங்கள். உள்ளங்கையில் தேய்த்து உருக்குபவரானால் சொம்பைக் கையில் கொடுங்கள், சண்டை வேண்டாம்.

என் அம்மாவுக்கு நோட்டு வேண்டாம், கிழமை போதும். செவ்வாய்க்கிழமை ஊசி போட்டால் மூன்றாவது செவ்வாய் வரை பார்ப்பார். அன்று கத்தாவிட்டால் நம்பிக்கை. சினைக்காலம் சுமார் 280 நாள், அதாவது சரியாக நாற்பது வாரம். எனவே ஈனுவதும் ஏறக்குறைய ஒரு செவ்வாய்தான் என்று தொழுவச் சுவரில் கரிக்கட்டையால் எழுதிவைப்பார். இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகும். ஆனால் கத்தவில்லை என்பதற்காகச் சினை என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் மருத்துவரைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். ஈன்று 60 நாளுக்குப் பிறகு வரும் பருவத்தில் ஊசி, அடுத்த ஈற்றுக்கு 60 நாள் முன்பு பால் வற்றவைப்பது. இந்த இரண்டு அறுபதும் தவறாவிட்டால் பதின்மூன்று பதினான்கு மாதத்துக்கு ஒரு கன்று கிடைக்கும்.

கன்று

எவ்வளவு நல்ல காளையின் மகளும் சீம்பால் இல்லாமல் ஒன்றுமில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டுங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் சில வீடுகளில் உண்டு, அது கன்றைக் கொல்லும் பழக்கம். முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால்: 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், பகுதி பகுதியாக. குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் முறைப்படி, ஆறு மாதம் வரை மாதாமாதம் கொடுங்கள். பச்சை மரச்சீனி (மரவள்ளி) இலையும் தோலும் எட்டும் தூரத்தில் கிடக்கக் கூடாது. அதில் சயனைடு நஞ்சு உண்டு.

முதல் ஊசிக்கு வயதைவிட எடை முக்கியம்: ஜெர்சிக் கலப்புக்கு 250 கிலோ. தராசு தேவையில்லை, தையல்காரரின் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்னெலும்பு முனை வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவு பெருக்கல் சுற்றளவு பெருக்கல் நீளம், வகுத்தல் 660. சுற்றளவு 58, நீளம் 49 என்றால் ஏறத்தாழ 250 கிலோ. ஒழுங்காகத் தீவனம் போட்டால் பதினைந்து முதல் பதினெட்டு மாதத்தில் இது வரும். ஒரு மாட்டுக்குத் தண்ணீர் வசதியுள்ள பத்து சென்டில் கோ-4 அல்லது கோ-5 புல் போட முடியாதவர்கள், கன்றுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம்.

யாரை வைத்துக்கொள்வது

முதல் ஈற்றின் முதல் மாதத்தில் எந்தக் கிடாரியையும் விற்காதீர்கள். பத்து அளவுகளும் நோட்டில் ஏறட்டும். தன்னோடு அதே பருவத்தில் ஈன்றவற்றைவிடக் குறைவாகக் கறந்து, அடுத்த சினையும் தாமதமாகப் பிடித்தால் அவள் போகலாம். பால் சற்றுக் குறைந்தாலும் ஒரே ஊசியில் சினை நின்று, நோய் இல்லாமல் நிற்பவளை நான் வைத்துக்கொள்வேன். நம் ஈரக்காற்றில் அப்படி ஒருத்தி கிடைப்பது அரிது.

விற்கும்போது அவளுடைய இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். சென்ற ஆண்டு நான் அப்படி ஒரு மாட்டை விற்றபோது, தாளைப் பார்த்த தரகர் "இதைக் காட்டினால் விலை இறங்கும், அண்ணாச்சி" என்றார். இறங்கத்தான் செய்தது. வாங்கியவர் திருவட்டாறுக்காரர், அடுத்த கிடாரி எப்போது என்று இப்போது மாதம் ஒருமுறை போனில் கேட்கிறார், தாளோடு.